தவிடு பத்தாது

தமிழ் வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் ஒரு தடவையாவது தவிட்டுக்கு வாங்கின பிள்ளையாக இருந்திருக்கும். அடம் பிடித்தால் சொல்வார்கள், சாப்பிடாவிட்டால் சொல்வார்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வந்த விருந்தாளியைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. "உன்ன யாரு பெத்தா? தவிட்டுக்குல்லா வாங்கினோம்" என்பார். மற்ற பிள்ளைகள் இதைக் கேட்டு அழுமாம். நான் அழ மாட்டேன். யாரிடம் வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், சுத்தத் தவிடா, உமி கலந்ததா என்று கேட்பேன். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

அப்படிக் கேள்வி கேட்டே வளர்ந்த எனக்கு, என் தம்பியை நிஜமாகவே விற்றபோது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தத் தம்பிக்கு இப்போது தலையில் கறுப்பைவிட வெள்ளை அதிகம். அவன் யாருடைய பிள்ளை என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொன்னது கிடையாது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கல்கத்தாவில் இருந்தோம். லேக் கார்டன்ஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சந்து, அதில் ஒரு மாடி வீடு. கீழே நாங்கள் குடியிருந்தோம், மேலே வீட்டுக்காரர்கள். அப்பாவுக்கு அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸில் வேலை. எனக்கு எட்டு வயது. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெருப் பெண்களோடு கித்கித் ஆடுவேன். நம் ஊர்ப் பாண்டியாட்டம்தான், சில்லைத் தள்ளித் தள்ளி ஒற்றைக் காலில் தாண்டுவது. கோட்டை மிதித்தவள் அவுட். அதில் நான் தாட்சண்யம் பார்த்ததே இல்லை. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவளை எனக்கு அறவே பிடிக்காது. அதனால் தெருவில் எனக்கு வக்கீல் என்று பெயர்.

எனக்கு நினைவு தெரிந்து அம்மா இரண்டு தடவை வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஊருக்குப் போனாள். இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, "சாமிகிட்ட விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். எந்தக் கோயில் என்று கேட்டேன். அவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். எனவே நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பிள்ளைகளைப் பெற்று யாரிடமாவது கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் அம்மாவுக்கு இருக்கிறது, என்னை மட்டும் ஏதோ மறதியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த மறதி கலைந்துவிடக் கூடாதே என்று எனக்குள் ஒரு பயமும் இருந்தது.

மூன்றாவது தடவை அம்மா ஊருக்குப் போகவில்லை. ஊரிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. மெட்ராஸ் மெயிலில் ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்ததும் வீடு மாட்டுத்தொழுவமாக மணத்தது. புடவைகளுக்கு நடுவில் ஒரு முறம், ஒரு துணிப்பை நிறையத் தவிடு. "இந்த ஊர்ல கிடைக்குமோ என்னமோ" என்றாள் அத்தை. அப்பா முறத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வந்தான். கறுப்பாக, முடி அடர்ந்து, எப்போதும் யாரையோ முறைத்துக்கொண்டு இருந்தான். அம்மா அவனுக்குப் பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், ஆனால் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். இவனுக்கு உன் மூக்கும்மா என்று நான் சொன்னால், "சும்மா கெட" என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு சாயங்காலம் அத்தை அப்பாவிடம் அடுக்களையில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"ரெண்டு போயாச்சு. இதயாவது வித்துட்டுத் திருப்பி வாங்கிருவோம். அப்பத்தான் தங்கும்."

திருப்பி வாங்குவதாக இருந்தால் எதற்கு விற்க வேண்டும் என்று நான் உள்ளே போய்க் கேட்டேன். "ஏட்டி, பெரியவங்க பேசுற இடத்துல ஒனக்கு என்ன சோலி" என்றாள் அத்தை. ஆனால் ஆட்டத்தின் சட்டத்தை மட்டும் சொன்னாள், அது அவளுடைய நல்ல குணம். வாங்குகிறவள் முறத்தில் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்க வேண்டும். பின்வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வர வேண்டும். அங்கே நாம் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு ஆட்டம் முடிந்தது. இது எனக்குப் புரிந்தது, பிடித்தும் இருந்தது.

வாங்குவதற்கு ஆள் ஏற்பாடாகியிருந்தது. லேக் மார்க்கெட்டில் காபிப்பொடியும் அப்பளமும் விற்கிற நம் ஊர்க் கடைக்காரரின் மனைவி. நான்கு ஆண் பிள்ளைகளைப் பெற்று, நால்வரையும் வாழைக்கன்று மாதிரி வளர்த்து வைத்திருந்த மகராசி. ஆனால் குறித்த நாள் காலையில் பந்த். டிராம் இல்லை, பஸ் இல்லை, ரிக்‌ஷாகூட இல்லை. கூட்டி வருகிறேன் என்று கிளம்பிய அப்பா, தெருமுனையில் கல்லெறி நடக்கிறது என்று போன வேகத்தில் திரும்பி வந்தார். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

அப்போதுதான் மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பந்த் ஆனதால் மேல் வீட்டுக் காகிமாவும் வேலைக்குப் போகவில்லை.

காகிமா என்றால் சித்தி என்று அர்த்தம். வீட்டுக்காரரின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிட வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. உயரமான உருவம், தடித்த கண்ணாடி, எல்லாரிடமும் மறுமுனையில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுகிற குரல். பிள்ளை கிடையாது. அத்தை இந்தக் கடைசி விஷயத்தைத்தான் சொன்னாள். பிள்ளை பெறாதவள் கையில் முதல்முதலாகப் பிள்ளையைக் கொடுப்பதா என்றாள். அன்று காலையிலிருந்து வாயைத் திறக்காத அம்மா, கட்டிலில் இருந்தபடியே, "மைனி, அவங்களே வாங்கட்டும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "போய்க் கூப்பிடு" என்றாள்.

நான் மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பிள்ளையை நீங்கள் வாங்க வேண்டுமாம், விலை தவிடு, தவிட்டையும் நாங்களே தருகிறோம். காகிமா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், ஏனென்றால் எனக்கே சொல்லும்போது சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கைகால் கழுவி, சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, லட்சுமி படத்துக்கு முன்னாலிருந்த கூடையில் கைவிட்டு எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

கீழே அத்தைக்கு வங்காளம் தெரியாது, காகிமாவுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்குத் தெரியும், அப்பா வழக்கம்போலத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆகவே மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. அத்தை முறத்தை நீட்டினாள். பிள்ளையை யாராவது மாட்டுத் தீனிக்கு வாங்குவார்களா என்றாள் காகிமா. முறத்தில் இருப்பது வேண்டாமாம், அவங்களே கொண்டுவந்திருக்காங்களாம் என்று நான் தமிழில் சொன்னேன். காகிமா முந்தானை முடிச்சை அவிழ்த்து அம்மாவின் கையில் மூன்று சோழிகளை வைத்தாள்.

நம் பக்கம் பிச்சை, குப்பை, தவிட்டான் என்று பெயர் வைத்துப் பிள்ளைகளைச் சாவின் கண்ணிலிருந்து மறைத்த மாதிரி, அந்தப் பக்கம் சோழிக்கு விற்று, மூன்று சோழி, ஐந்து சோழி என்று பொருள்படப் பெயரும் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அத்தைக்குச் சோழியைப் பார்த்ததுமே இங்கேயும் இந்த வழக்கம் உண்டு என்று தெரிந்ததில் பாதித் தெம்பு வந்துவிட்டது. பின்வாசல், முன்வாசல், திருப்பி வாங்குவது எல்லாவற்றையும் சொல்லச் சொன்னாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன், இதை இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். காகிமா தலையை ஆட்டினாள். தம்பியை வாங்கித் தன் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பின்வாசல் வழியாகப் போனாள்.

நாங்கள் முன்வாசலில் நின்றோம். அத்தை கையில் முறம், என் கையில் ஆரத்தித் தட்டு. காகிமா வரவில்லை. வீட்டைச் சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்? திடீரென்று மேல் மாடியிலிருந்து சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. ஒன்று, மறுபடி ஒன்று. அத்தையின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அவளுடைய ஊரில் சங்கு ஊதினால் ஒரே அர்த்தம்தான், பாடை கட்டியாகிவிட்டது.

"ஏட்டி, எதுக்குட்டி சங்கு ஊதுதா?"

இங்கே கல்யாணத்துக்கு ஊதுவார்கள், பூஜைக்கு ஊதுவார்கள், பிள்ளை பிறந்தால் ஊதுவார்கள் என்று சொன்னேன். அத்தை நம்பவில்லை. முறத்தோடு படியில் ஏறப் போனவளை அப்பா பிடித்து நிறுத்தினார்.

தம்பி பசித்து வீரிட்டு அழுதபிறகுதான் காகிமா கீழே வந்தாள். நேராக அம்மாவிடம் போய் அவனைக் கொடுத்து, என் பிள்ளைக்குப் பசிக்கிறது, கொஞ்சம் பால் கொடு என்றாள். அத்தை குறுக்கே போய் முறத்தை நீட்டினாள். காகிமா நெருப்பை மிதித்தவள்போல் இரண்டடி பின்னால் போனாள். அடுத்த அரை மணி நேரம் எனக்கு மூச்சுவிட நேரம் இல்லை.

"தவிட்ட வாங்கிட்டுப் பிள்ளையத் தரச் சொல்லு."

வாங்கியது வாங்கியதுதான், திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்றாள் காகிமா. பிள்ளை உங்களிடமே வளரட்டும், ஆனால் அது என்னுடையது, நீங்கள் வளர்த்துத் தருகிறவர்கள்.

"இது எந்த ஊரு நியாயம்? பெத்தவ இங்க கல்லுமாதிரி இருக்கா."

அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம் என்று மொழிபெயர்த்தேன். காகிமா, திருப்பி வாங்கினால் தெரிந்துபோய்விடும் என்றாள். யாருக்குத் தெரிந்துவிடும் என்று அத்தை கேட்டாள். காகிமா விரலை மேலே காட்டினாள். நானும் மேலே பார்த்தேன், மின்விசிறிதான் இருந்தது.

பிறகு காகிமா தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய அண்ணனையும் இப்படித்தான் சோழிக்கு விற்றார்களாம். அவன் நன்றாக வளர்ந்தானாம். இனி என்ன பயம் என்று, பூணூல் கல்யாணத்தின்போது ஊரைக் கூட்டி விருந்து வைத்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். அந்த வருஷம் மழைக்காலம்கூட முடியவில்லையாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நான் அத்தையிடம் இதைச் சொன்னேன். "இப்ப எங்க இருக்காராம் அந்த அண்ணன்?" என்றாள் அத்தை. எனக்குத்தான் தெரியுமே.

"மாடியில போட்டோவுல இருக்காரு. மாலையெல்லாம் போட்டு, சந்தனப் பொட்டு வச்சு."

அத்தையின் கையிலிருந்த முறம் மெல்லத் தாழ்ந்தது. எனக்கோ தலை சுற்றியது. திருப்பி வாங்குகிற வழக்கம் இவர்களுக்கும் இருக்கிறது என்று இவளே சொல்கிறாள், விருந்து வேறு போட்டிருக்கிறார்கள், அந்த அண்ணன் மாலை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்திருக்கிறான். பிறகு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இதை நான் அத்தைக்கு எடுத்துக் காட்டப் போனேன். அதற்குள் அம்மா எழுந்து வந்தாள். அத்தையின் கையிலிருந்து முறத்தை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"இதக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டுட்டு வா."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டால் இருந்தது. நகரத்துக்குள் எருமைகளைக் கட்டி வைத்துப் பால் கறக்கிற கொட்டகைகளை அங்கே அப்படிச் சொல்வார்கள். எங்களுக்குப் பால் ஊற்றுகிற பீகார்க்காரருடையது. என் தம்பியின் விலையை ஓர் எருமை ஒரே மூச்சில் தின்று முடித்ததை நான் நின்று பார்த்தேன். ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது.

அத்தை சில நாட்களில் ஊருக்குக் கிளம்பினாள். கொள்ளி போடப் பிறந்தவனை மாடியில் அடகு வைத்துவிட்டீர்களே என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள். அவள் போனபிறகு நான் விசாரணையைத் தொடங்கினேன். தம்பி யாருடைய பிள்ளை என்று காகிமாவிடம் கேட்டேன். "அமார் கோக்கா" என்றாள், என் பையன். அப்பாவிடம் கேட்டேன். "எல்லாரும் ஆண்டவனுக்குச் சொந்தம்" என்றார், இன்னொரு உரிமையாளரைக் கொண்டுவந்து சேர்த்ததோடு சரி. அம்மாவிடம் கேட்டேன். அம்மா நடு வீட்டில் நின்றுகொண்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "மேல் வீட்டுக்காரங்க பிள்ளை" என்றாள்.

என் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. ரேஷன் கடை வரிசையில் இடையில் நுழைந்த ஓர் ஆளைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டவள். அப்படிப்பட்டவள் காகிமாவிடம் பெட்டிப்பாம்பாக அடங்கிப் போனாள். காகிமா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் கதவைத் தட்டுவாள். என் பிள்ளைக்கு இன்னும் ஏன் எண்ணெய் தேய்க்கவில்லை என்பாள். இந்த வெயிலில் கம்பளிச் சட்டையா, இதற்குத்தான் உன்னிடம் விட்டேனா என்பாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டே விட்டேன், உனக்கு வெட்கமாக இல்லையா என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்" என்றாள். இதில் ஊரான் யார், தன் பிள்ளை எது என்று எனக்கு விளங்கவில்லை.

அதைவிட மோசம் தம்பிக்குக் காய்ச்சல் வந்த அன்று நடந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, கண் செருகியது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடவில்லை. மாடிப்படியின் அடியில் நின்று, உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குரல் கொடுத்தாள், அவ்வளவுதான். காகிமா தலையைக்கூட முடியாமல் ஓடி வந்து அவனை வாங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் போனாள். அம்மா அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு தீய்ந்து புகைந்தது, அதைக்கூட இறக்கவில்லை. ரிக்‌ஷா திரும்பி வந்து, காகிமா "என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டாயிற்று" என்று சொன்னபிறகுதான் எழுந்தாள். இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரி எனக்குத் தாயாக வாய்த்தாளே என்று நான் அன்று நினைத்தேன்.

அன்று என் பயம் உச்சத்துக்குப் போனது. இரண்டு பிள்ளைகள் கோயிலில், ஒன்று மாடியில், மிச்சம் இருப்பது நான். என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறாய் என்று அம்மாவிடம் கேட்டேன். "இந்த வாய்க்கு ஒன்ன யாரு வாங்குவா" என்று என் தலையைக் கோதினாள். அது ஆறுதலாக இருந்தது. ஆனால் தம்பிக்கு வாய் இன்னும் முளைக்கவில்லையே. அவனுக்காக நான்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பால்காரரிடம் போய்த் தவிடு கேட்டேன். சும்மா கொடுப்பாரா? எங்கள் வீட்டு வாழைக்காய்த் தோலும் பூசணித் தோலும் எருமைக்குக் கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. அவர் சிரித்துக்கொண்டு கவுன் மடியில் இரண்டு கை அள்ளிப் போட்டார். படியெல்லாம் சிந்திக்கொண்டு மாடிக்குப் போய்க் காகிமாவின் முன்னால் நின்றேன். இந்தாருங்கள் தவிடு, எங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள்.

காகிமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தாள், விரலிடையில் தேய்த்துப் பார்த்தாள். இது கோதுமைத் தவிடாயிற்றே என்றாள். இங்கே இதுதான் கிடைக்கும் என்றேன். சரி, அது போகட்டும், ஆனால் இது பத்தாது குக்கு என்றாள். குக்கு என்றால் சின்னப் பெண், அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். எவ்வளவு வேண்டும் என்றேன். நீ கொண்டு வா, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

ஆக, பேரம் படியும் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த முறை பிஸ்கட் டின்னில் கொண்டுபோனேன். பத்தாது. இரண்டு டின் கொண்டுபோனேன். போன தடவை வந்திருந்தால் இது சரியாக இருந்திருக்கும், இப்போது பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டானே, எடை கூடிவிட்டது, விலையும் கூடத்தானே செய்யும் என்றாள். இது நியாயமாகத்தான் பட்டது. நான் தோல் சேர்த்து, தவிடு சேர்த்து ஒரு அளவுக்கு வருவதற்குள் அவன் நிற்க ஆரம்பித்தான். அதைச் சேர்ப்பதற்குள் ஓட ஆரம்பித்தான். மாடிப்படியில் ஏறத் தெரிந்ததும் பாதி நேரம் காகிமாவின் மடியில்தான் இருந்தான். அவள் ஊட்டுகிற மீனும் சோறும் அவன் உடம்பில் நன்றாக ஒட்டின. சாப்பிடாதே, எடை போடாதே, என்னால் கட்டாது என்று நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவன் என் காதைக் கடித்துவிட்டு ஓடிவிட்டான்.

ஒவ்வொரு தடவையும் மறுக்கப்பட்ட தவிட்டைக் காகிமா மொட்டைமாடியில் குருவிகளுக்குப் போட்டாள். பிள்ளையையும் தர மாட்டாள், தவிட்டையும் தர மாட்டாள். அந்த வயதில் நான் பார்த்த மிகப் பெரிய பேராசைக்காரி அவள்தான்.

தம்பிக்கு மூன்று வயது முடிந்தபோது அப்பாவுக்கு மெட்ராஸுக்கு மாற்றலாகிவிட்டது. சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. காகிமா பிள்ளையைத் தராவிட்டால்? சட்டப்படி அவன் அவளுடையவன், அவள் சரி என்று சொல்லாமல் எப்படி ரயிலில் ஏற்றுவது? பால்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ, ஒரு கோணிப்பை நிறையத் தவிட்டைக் கொட்டி, வாயைக் கட்டி, தன் ஆளிடம் கொடுத்து எங்கள் வீட்டுப் படி வரைக்கும் அனுப்பி வைத்தார். தோல் பாக்கி வேண்டாம் பிட்டியா, ஊருக்குப் போகிறாய் என்றார். பிட்டியா என்றால் மகளே என்று அர்த்தம்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றிருந்தது. நான் அந்த மூட்டையைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காகிமா தரையில் உட்கார்ந்திருந்தாள், தம்பி அவள் மடியில். நான் மூட்டையை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன். பேச மூச்சு இல்லை. தம்பி மடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு கையாலும் தவிட்டை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டான். காகிமா மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். விட்ட கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவள் தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன்.

"நல்ல தவிடு குக்கு" என்றாள். "ஆனால் பத்தாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்போதுதான் பத்தும் என்று கத்தினேன். அவள் தம்பியை இழுத்து முன்னால் நிறுத்தி, அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த தவிட்டைப் பொறுக்க ஆரம்பித்தாள். இந்த முடியெல்லாம் வெளுக்கட்டும், அப்போது கொண்டு வா, கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றாள். அவனுக்கு முடி வெளுக்கும்போது நீங்கள் இருக்கவே மாட்டீர்கள், இது அழுகுணி ஆட்டம் என்றேன். ஆமாம் என்றாள். சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு அவன் கையை என் கையில் வைத்து, என் பிள்ளையைப் பத்திரமாகக் கூட்டிப் போ என்றாள்.

அவள் கீழே வரவில்லை. நாங்கள் டாக்ஸியில் ஏறியபிறகு மேல் மாடி ஜன்னலில் தெரிந்தாள். டெலிபோன் குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி, என் பிள்ளை மெலியக் கூடாது, நான் வந்து பார்ப்பேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். வண்டி நகர்ந்தபோது மேலே சங்கு ஊதிற்று. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதாவது போய்க் கேளேன் அம்மா, உன் பிள்ளை என்று சொல்லேன் என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் இன்னொரு கையால் என் வாயையும் பொத்திவிட்டாள்.

ஹௌராவில் வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் எதிர் இருக்கையில் இருந்த மாமி முறுக்கு டப்பாவைத் திறந்தாள். மெட்ராஸில் மகள் வீட்டுக்குப் போகிறவளாம். தம்பி அவளிடம் போய் உரிமையோடு கையை நீட்டினான். அவள் அவன் கன்னத்தைக் கிள்ளி, அச்சு அசலாக உங்கள் மூக்கு என்று அம்மாவிடம் சொன்னாள்.

"உங்க பிள்ளைதானே?"

அம்மா அவனை இழுத்து மடியில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவன் தலைமுடியில் இன்னும் தவிடு இருந்தது.

"இல்லம்மா. கல்கத்தாவுல ஒருத்தங்க பிள்ள. வளக்கதுக்காகத் தந்துருக்காங்க."

எனக்கு அவமானத்தில் முகம் சுட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாதவளோடு எனக்கு என்ன பேச்சு என்று, மெட்ராஸ் வந்து சேரும்வரை நான் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.